மண்ணில் வளை தோண்டும் மரங்கொத்தி

தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில் ஏறிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்லும் பாறையும்தான். அந்த வெட்டவெளியில் ஒரு மரங்கொத்தி குடும்பம் நடத்துகிறது. கூடு கட்ட அதற்கு மரம் தேவையில்லை, இரை தேடவும் தேவையில்லை.

தரை மரங்கொத்தி என்று இதைச் சொல்லலாம். தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஆகிய மூன்று நாடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. உலகில் 200-க்கும் மேற்பட்ட மரங்கொத்தி இனங்கள் இருந்தாலும், இப்படித் தரையையே நம்பி வாழ்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

டர்பனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இதைப் பார்ப்பதற்கென்றே சானி கணவாய்க்குப் போனேன். சுமார் 2,870 மீட்டர் உயரத்தில் லெசோத்தோ எல்லையைத் தொடும் மலைப்பாதை அது. கரகரத்த அலறல் ஒன்று கேட்டது. பாறை உச்சியில் ஒரு பறவை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. சாம்பல் தலை, வெளிர் மஞ்சள் கண், ரோஜாச் சிவப்பு வயிறு. கீழே சரிவில் அதன் கூட்டத்தார் தத்தித் தத்தி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். இரை தேடும்போது ஒன்று காவலுக்கு நிற்பது இவற்றின் வழக்கம்.

உணவு எறும்பு, எறும்பின் முட்டை, எறும்பின் புழு. வேறு எதையும் அநேகமாகத் தொடுவதில்லை. அலகால் புற்றைக் கிளறி, பசை தடவிய நீண்ட நாக்கை உள்ளே விட்டு வாரி எடுக்கும். புல் அடர்ந்து மண்டிவிட்டால் எறும்புப் புற்றை எட்ட முடியாது. எனவே ஆடுமாடு மேய்ந்த இடமும், தீ எரிந்து ஓய்ந்த சரிவும் இதற்கு மிகவும் பிடித்தவை.

ஓடைக் கரையிலோ, சாலைக்காக வெட்டிய மண்சுவரிலோ ஆணும் பெண்ணும் சேர்ந்து வளை குடையும். நீளம் ஒரு மீட்டர் வரைகூடப் போகும். அதன் கடைசியில் ஓர் அறை, அதில் வெள்ளை முட்டைகள், பெரும்பாலும் மூன்று. வளர்ந்த குஞ்சுகள் உடனே பிரிந்து போவதில்லை. அடுத்த இனப்பெருக்கக் காலம் வரை பெற்றோருடனேயே திரியும்.

கீழே இறங்கி வரும் வழியில்தான் என் மனம் கனத்தது. பைன், கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்), சீகை (வாட்டில்) என்று வரிசை வரிசையாகத் தோட்டங்கள். நான் கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவள். இந்த மரங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையை, தோல் பதனிடப் பட்டை கிடைக்கும் என்று அங்கே டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியிலும் நட்டார்கள், இங்கே நீலகிரியிலும் நட்டார்கள். இரண்டு இடத்திலும் அது நட்ட எல்லையைத் தாண்டிப் புல்வெளியை விழுங்கியது. எங்கள் ஊரில் வரையாடும் நெட்டைக்காலிப் பறவையும் இடம் இழந்தன. அங்கே மரத்தோட்டம் வந்த சரிவில் தரை மரங்கொத்தி தங்குவதில்லை. நிழல் விழுந்து, சருகு மூடிய மண்ணில் அதற்கு என்ன வேலை?

புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதியவர்கள் செய்த கேடு இது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல்லாகவே இருந்த மலையில் மரம் நடுவது பசுமை ஆகாது, அழிப்புதான். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தரை மரங்கொத்தியை அழிவாபத்தை நெருங்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

மலையில் மரம் நட யாராவது உங்களை அழைத்தால், அந்த இடத்தில் இதற்கு முன் என்ன இருந்தது என்று கேளுங்கள். புல் என்று பதில் வந்தால் நடாதீர்கள்.