ஊர்த்தேர்தல் முடிவும் அதன் பொருளும்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் பெருவழியில், பழைய நகரெல்லையைக் கடந்தவுடன் நாம் காணும் ஊர் வேங்கிக்கால் ஆகும். விரிந்த ஏரி ஒன்று அவ்வூர்க்கு உண்டு. மாவட்ட ஆட்சித் தலைவரின் அலுவலகமும் அங்கேயே அமைந்துள்ளது. மாவட்டம் முழுவதையும் நடத்தும் அலுவலகத்தைத் தன்னிடத்தே கொண்டிருந்தும், அவ்வூர் நெடுங்காலம் ஒரு சிற்றூராட்சியாகவே இருந்து, தன் தலைவரைத் தன் மக்கள் வாக்கினாலேயே தேர்ந்து வந்தது. அவ்வூராட்சிக்கு நிகழ்ந்த கடைசிப் பொதுத்தேர்தலின் வாக்குகள் 2020-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் எண்ணப்பெற்றன.

நாட்டின் பெருந்தேர்தல் முடிவுகளை அறியப் பலரும் இரவு முழுவதும் விழித்திருப்பர். ஊர்த்தேர்தலின் முடிவையோ, ‘இன்னார் வென்றார்’ என்னும் ஒரு சொல்லோடு கேட்டு மறந்துவிடுவர். அம்முடிவு நமக்கு உண்மையில் அறிவிப்பது யாது, அதனை எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பதை இவ்வியாசத்தில் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் தேர்தலின் முறையை அறிதல் வேண்டும். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 27, 30 ஆகிய இரு நாட்களில், திருவண்ணாமலை உட்பட 27 மாவட்டங்களின் கிராமப்புறங்களில் வாக்குப்பதிவு நடைபெற்றது. கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் வாக்கு ஒன்றன்று, நான்கு. தம் வார்டின் உறுப்பினர்க்கு ஒன்று. ஊராட்சித் தலைவர்க்கு ஒன்று. ஊராட்சி ஒன்றிய உறுப்பினர்க்கு ஒன்று. மாவட்ட ஊராட்சி உறுப்பினர்க்கு ஒன்று. குழப்பம் நேராதிருக்கும்பொருட்டு வாக்குச்சீட்டுகள் வெவ்வேறு நிறத்தில் அச்சிடப்பெற்றிருந்தன. தலைவர்க்குரியது இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குரியது பச்சை, மாவட்டத்துக்குரியது மஞ்சள்.

இந்நான்கனுள் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கட்சிச் சின்னங்களோடு போட்டியிடலாம். வார்டு உறுப்பினர்க்கும் ஊராட்சித் தலைவர்க்குமோ கட்சிச் சின்னம் இல்லை. தெருவிலே அன்றாடம் காணும் மனிதரைக் கட்சியின் நிழலின்றி அவர்தம் தகுதி பற்றியே எடைபோடுக என்பது சட்டத்தின் கருத்து. மேலும், ஊராட்சித் தலைவரை மக்கள் நேரே தேர்வர். ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் உறுப்பினர்களே தம்முட் கூடித் தேர்வர். ஆகவே ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் உரிய முடிவு வாக்கு எண்ணும் நாளோடு முற்றுப்பெறுவதில்லை. அம்முறை அத்தலைவர்களைத் தேரும் மறைமுகத் தேர்தல் ஜனவரி 11-ஆம் நாள் நடைபெற்றது.

இனி எண்ணிக்கையைப் பார்ப்போம். ஓர் உதாரணம் கொள்க. ஒரு வார்டில் 400 வாக்குகள் பதிவாயின, நால்வர் போட்டியிட்டனர், அவர்கள் முறையே 130, 120, 90, 60 வாக்குகள் பெற்றனர் என்று வைத்துக்கொள்வோம். நம் சட்டப்படி 130 பெற்றவரே வென்றவர். ஆனால் 270 பேர் அவரை விரும்பி வாக்களித்தாரல்லர். ‘பெரும்பான்மையோர் என்னைத் தேர்ந்தனர்’ என்று அவர் உரைப்பின் அது கணக்குக்குப் பொருந்தாது. ‘ஏனையோரினும் எனக்கு மிகுதி’ என்பதே அவர் கூறத்தக்கது. இங்கிலாந்து தேசத்து நகரசபைத் தேர்தல்கள் பெரும்பாலும் இம்முறையினவே. நாம் இதனை அங்கிருந்தே பெற்றோம். ஆகவே முடிவை வாசிப்போர், வென்றவர் பெயரோடு நில்லாது, எத்தனை பேர் போட்டியிட்டனர், எத்தனை வாக்குகள் பதிவாயின, அவற்றுள் எத்தனை செல்லாதனவாயின என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். தோற்றவர்கள் பெற்ற வாக்குகளும் ஊரின் அபிப்பிராயமேயன்றோ? அந்த 270 பேரின் குறைகளையும் கேட்க வேண்டிய கடமை வென்றவர்க்கு உண்டு என்பதையே அவ்வெண் அறிவிக்கின்றது.

இருவர் சமமான வாக்குகள் பெறின் என் செய்வது? பெருந்தேர்தல்களில் இஃது அரிது. சில நூறு வாக்குகளே உள்ள சிற்றூர் வார்டுகளிலோ இது நிகழக்கூடியதே. அப்பொழுது பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பர். வாக்களிக்கச் செல்லாது வீட்டிலிருந்த ஒருவர், தம் ஊரின் ஆட்சியைச் சீட்டுக் குலுக்கலுக்கு விட்டவராவர். ‘என் ஒரு வாக்கினால் ஆவதென்ன?’ என்பார்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

சீட்டுக் குலுக்கல் என்றவுடன் உத்தரமேரூர் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவ்வூர்க் கல்வெட்டுகள், முப்பது குடும்புகளிலிருந்து வாரிய உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையை விரிவாகக் கூறுகின்றன. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஏரியைக் காக்க ஏரி வாரியமும், தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியமும் இருந்தன. நாம் சிறப்பாகக் கருதவேண்டியது அங்குள்ள ஒரு விதியையே. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேரப்படலாகாது என்பது அவ்விதி. பதவி என்பது ஊரார்க்குக் கணக்குக் காட்டும் கடன் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் தெளிவாக அறிந்திருந்தனர்.

ஆயினும் பழமையைப் போற்றுமிடத்து உண்மையை மறைத்தல் ஆகாது. உத்தரமேரூர் ஒரு பிராமணக் குடியிருப்பு. அங்கே ஓலையில் பெயர் எழுதப்பெற, சொந்த நிலமும் மனையும் வேத அறிவும் வேண்டும். ஏரிநீர் பாய்ந்த வயலை உழுதோர்க்கும், பெண்டிர்க்கும் அக்குடத்தில் இடமில்லை.

இங்கிலாந்தின் நகரங்களும் நெடுங்காலம் இத்தகைய குறையுடனேயே இருந்தன. ‘பரோ’ என்னும் அந்நகரங்கள் பலவற்றில் சபையினர் ஒருவரையொருவர் தாமே நியமித்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் பதவியில் இருந்தனர், கேட்பாரில்லை. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் 178 நகரங்களில் அவ்வழக்கத்தை ஒழித்து, வரி செலுத்துவோர் சபையினரைத் தேரும் முறையையும், கணக்குகளைத் தணிக்கை செய்யும் முறையையும் கொணர்ந்தது. எனினும் வாக்கு மறைவானதன்று. இன்னார் இன்னார்க்கு வாக்களித்தார் என்பது நிலக்கிழார்க்கும் முதலாளிக்கும் தெரிந்தமையால், அச்சமே பலருடைய வாக்கினைத் தீர்மானித்தது. 1872-ஆம் ஆண்டில்தான் மறைவாக்கு முறை அங்கே சட்டமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பாண்டிஃப்ராக்ட் என்னும் நகரில் நிகழ்ந்த பாராளுமன்ற இடைத்தேர்தலே, அச்சட்டத்தின்கீழ் நடந்த முதல் தேர்தலாகும். அவ்வூரார் அதிமதுர மிட்டாய்க்கு இடும் முத்திரையையே வாக்குப்பெட்டியின் அரக்கிலும் பதித்தனர் என்பது சுவையான செய்தி.

நம் நாட்டில், ரிப்பன் பிரபு 1882-ஆம் ஆண்டில் வெளியிட்ட தீர்மானத்தால் ஸ்தல சுயாட்சி வேரூன்றலாயிற்று. சென்னை மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டில் நகராட்சிகளுக்கும் ஸ்தல போர்டுகளுக்கும் சட்டங்கள் பிறந்தன. ஆனால் அக்காலத்தில் வாக்குரிமை வரியையும் சொத்தையும் பற்றியே இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரே வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு உரியதாயிற்று. 1992-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தங்களும், அவற்றையொட்டி எழுந்த 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் தலைமைப் பதவிகளிலேயே இடங்களை ஒதுக்கின. குடத்தில் இடம்பெறாதிருந்த பெயர்கள் அன்றே இடம்பெற்றன.

எழுதப்பெற்ற சட்டம் ஊரார் உள்ளத்தை உடனே மாற்றிவிடவில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்னும் ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும், தலைவர் பதவி 1996-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பெற்றது. பத்தாண்டுகள் வரை அங்கே நிலைத்த தலைவர் ஒருவரும் இலர். சில வேளைகளில் மனுச் செய்வாரே இல்லை. சில வேளைகளில் வென்றவர் உடனே பதவி விலகுமாறு செய்யப்பட்டார். 2006-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் அந்நான்கு ஊர்களிலும் முறைப்படி தேர்தல் நிகழ்ந்து, தலைவர்கள் பதவியில் அமர்ந்தனர். மேலூரை அடுத்த மேலவளவில் நேர்ந்தது இதனினும் கொடிது. அங்கே ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் என்பார், 1997-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், தம்மைச் சார்ந்தோர் சிலருடன் கொலையுண்டார். தேர்தல் முடிவு என்பது வாக்கு எண்ணுவோர் மேசையோடு முடிவதன்று என்பதை அவர்தம் குருதி நமக்கு உணர்த்துகின்றது. தோற்றவர் ஏற்றுக்கொண்டு, வென்றவர் அச்சமின்றித் தம் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றும் நாளிலேயே அது முடிவெனப்படும்.

இதனால் ‘போட்டியின்றித் தேர்வு’ என்னும் சொல்லையும் நாம் எச்சரிக்கையோடு வாசித்தல் வேண்டும். ஊரார் ஒருமனதாய் நல்லாரொருவரைத் தேர்தலும் உண்டு. பதவியை ஏலமிட்டு விற்று, ஏனையோரை மனுச் செய்யாதவாறு தடுத்தலும் உண்டு. இரண்டுக்கும் ஏட்டில் எழுதப்படும் சொல் ஒன்றே, பொருளோ வேறு. பதவியைப் பணத்துக்குப் பெற்றவர் ஊரார்க்குக் கணக்குக் காட்டுவாரோ, தாம் கொடுத்த விலையைக் கணக்கிடுவாரோ என்பதை வாசகரே ஓர்ந்துகொள்க.

தேர்தலே நிகழாமற் போவதும் ஒரு வகை முடிவே. 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை, இடஒதுக்கீட்டு விதிகள் வழுவின என்னும் காரணத்தால் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. அதன்பின் மூன்றாண்டுகளுக்கு மேல் தமிழகத்துச் சிற்றூர்கள் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தன. வேங்கிக்காலும் அவற்றுள் ஒன்று. அலுவலர் நல்லவராயிருத்தல் கூடும், திறமையுடையவராயிருத்தலும் கூடும். ஆனால் தெருக்குழாயில் நீர் வாராதபொழுது, ‘அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்வோம்’ என்று அவரிடம் எவரும் கூற இயலாது. 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான முடிவின் அருமை, அதற்கு முன் கழிந்த அம்மூன்றாண்டுகளை நினைத்தால் விளங்கும்.

அம்முடிவின் காலம் 2025-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாளோடு முற்றிற்று. அதற்கு முன்பே, 2024-ஆம் ஆண்டில், திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பெற்று, அதனோடு சேர்க்கப்பெறும் ஊராட்சிகளுள் வேங்கிக்காலும் ஒன்றாயிற்று. கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் இலட்சக்கணக்கானோர் திரளும் நகரம், அண்டை ஊர்களையும் ஒரே ஆட்சியின்கீழ்க் கொள்ளுதல் நீர், கழிவுநீர், சாலை முதலியவற்றுக்கு நலமென்பர் சிலர். வரி உயரும், கிராமத்துக்கேயுரிய வேலைத்திட்டம் நீங்கும் என்று அஞ்சுவர் வேறு சிலர். இரு திறத்தாரும் கூறுவதில் உண்மை உண்டு.

நம் பொருளுக்கு வேண்டியது மற்றொன்று. நான்கு வாக்குகள் பெற்றிருந்த வேங்கிக்கால் வாக்காளர்க்கு, நகரத்தாராகிய பின் ஒரு வாக்கே உரியது. நகரத்திலே வார்டு உறுப்பினரைத்தான் மக்கள் நேரே தேர்வர். மேயரை உறுப்பினர்களே தேர்வர். அறிந்த தெருவில் வாழ்ந்த தலைவரை நேரே தேர்ந்தவர், இனித் தம் உறுப்பினர் வாயிலாகவே நகரின் தலைமையை அணுகுதல் வேண்டும். குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் முதலியவற்றிற் கூடி வரவுசெலவைக் கேட்ட கிராமசபையும் ஊராட்சியோடு நீங்கும். நகரங்களில் அதற்கு ஈடாகப் பகுதிசபை என்பது சட்டத்தில் உண்டு. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தமிழக நகரங்களில் அது முதன்முறையாகக் கூட்டப்பெற்றது. அங்கே மக்கள் சென்று அமர்ந்து கேள்வி கேட்பரேல், இழந்த வாக்குகளின் வலிமையை ஒருவாறு மீட்பர். செல்லாது விடுவரேல், பெரிய நகரின் ஓரத்தில் பெயரளவில் வாழும் ஒரு வார்டாகவே எஞ்சுவர்.

மாணவ நண்பர்காள்! உங்களுட் பலர் சிற்றூர்களிலிருந்து வருகின்றீர்கள். 18 வயதில் வாக்களிக்கும் உரிமையும், 21 வயதில் உள்ளாட்சியில் போட்டியிடும் உரிமையும் உங்களுக்கு உண்டு. உங்கள் ஊர்த்தேர்தலின் முடிவு அடுத்த முறை வெளிவரும்பொழுது அதனைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வென்றவர் யார், எத்தனை வாக்கினால் வென்றார், வாக்களியாதார் எத்தனை பேர், மனுச் செய்ய விரும்பியோர் அனைவர்க்கும் அது இயன்றதா என்பவற்றை அதிற் குறியுங்கள். ஓராண்டு கழித்து அத்தாளை எடுத்துக்கொண்டு ஊரவையில் போய் அமருங்கள். ஏரிக்கரை செப்பனிடப்பட்டதா, குடிநீர்க் குழாய்க்குச் செலவிட்ட பணம் எவ்வளவு என்று மரியாதையோடு கேளுங்கள்.

தேர்தல் முடிவு என்பது வென்றவர்க்கு ஊரார் எழுதித் தந்த கடன்சீட்டு. கேட்பாரின்றேல் எந்தக் கடனும் தீர்வதில்லை.