சபை பிரிந்தால் சாவி யாருக்கு?

ஓரணு உயிரான அமீபா இரண்டாகப் பிளக்கும்போது, எது தாய், எது சேய் என்று யாரும் கேட்பதில்லை. விலங்கியல் நூல் அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறது. ஆனால் பிளப்பது ஒரு திருச்சபையாக இருந்து, அதற்கு ஓர் ஆலயமும் ஒரு கல்லறைத் தோட்டமும் கொஞ்சம் நிலமும் இருந்துவிட்டால்? அப்போது ‘இவ்விரண்டில் பழைய சபை எது?’ என்று கேட்டே ஆகவேண்டும். ஏனெனில், கதவு ஒன்றுதான், சாவியும் ஒன்றுதான்.

விஞ்ஞானம் பயிலும் எனக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நாம் படித்துவரும் இந்தக் கொல்கத்தா நகரிலேயே, ஆய்வுக் கருவிகளும் இத்தகைய வழக்கில் சிக்கியதுண்டு. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் சார்பில் 1830-ல் இங்கே கல்விக்கூடம் தொடங்கியவர் அலெக்ஸாண்டர் டஃப். ஊர்ச் சபையின் சம்மதமின்றியே போதகரை நியமிக்க நிலப்பிரபுக்களுக்கு இருந்த உரிமையை எதிர்த்து, 1843-ல் ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 470 போதகர்கள் வெளியேறிச் ‘சுதந்திரச் சபை’ கண்டனர். டஃப் அவர்கள் பக்கம் நின்றார். கட்டடம், நூல்நிலையம், ஆய்வுக் கருவிகள் யாவும் பழைய சபைக்கே என்றாயின. அவர் அனைத்தையும் விட்டுவிட்டு வேறிடத்தில் புதிதாகத் தொடங்கினார். பிரிந்த இரு கல்விக்கூடங்களும் 1908-ல்தான் மீண்டும் ஒன்றாயின. அதுவே இன்றைய ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி.

எல்லோரும் டஃபைப் போல விட்டுக்கொடுத்துப் போவதில்லை. வழக்கு மன்றம் ஏறினால், நீதிபதி எந்த அளவுகோலை எடுப்பார்?

முதல் அளவுகோல், மூலக் கொள்கை. சபைச் சொத்து எவருடைய சொந்தச் சொத்தும் அன்று. நம் ஊர்க் கோயில் நிலத்தைத் தர்மகர்த்தா பார்த்துக்கொள்வது போல, ஒரு நோக்கத்திற்காக ஒப்படைக்கப்பட்டது அது. கொடுத்தவர் எந்த நம்பிக்கைக்காகக் கொடுத்தாரோ, அந்த நம்பிக்கையில் நிற்பவருக்கே அது சேரும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய விதி.

இவ்விதி எவ்வளவு கடுமையானது என்பதை அதே சுதந்திரச் சபை அனுபவித்தது. 1900-ல் அதன் பெரும்பான்மையோர் மற்றொரு சபையுடன் இணைந்தனர். ஒரு சிறு கூட்டம் மட்டும், ‘அரசு திருச்சபையை ஆதரிக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை, அதை ஏற்காதவரோடு இணைவது துரோகம்’ என்று மறுத்தது. 1904-ல் பிரபுக்கள் சபை ஐவருக்கு இருவர் என்ற கணக்கில் அந்தச் சிறு கூட்டத்திற்கே சொத்து முழுவதையும் அளித்தது! இத்தனை ஆலயங்களையும் கல்லூரிகளையும் அவர்களால் நடத்த முடியுமா? முடியாது. ஆகவே பார்லிமெண்டு 1905-ல் தனிச் சட்டம் இயற்றிச் சொத்தைப் பங்கிட வேண்டியதாயிற்று.

இரண்டாம் அளவுகோல், மேற்சபையின் சொல். அமெரிக்காவில் லூயிவில் நகரத்துப் பிரஸ்பிட்டேரியன் சபை ஒன்று அடிமைமுறை பற்றிய சண்டையில் பிளந்தது. அது மேற்சபைக்குக் கட்டுப்பட்ட சபையாதலால், மேற்சபை யாரை உண்மைச் சபை என்கிறதோ அவர்களுக்கே ஆலயம் என்று 1872-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. எது சரியான வேதம் என்று தீர்ப்பது நீதிபதியின் வேலை அன்று என்பது அதன் கருத்து. நல்ல கருத்துத்தான். ஆனால் மேற்சபையோடுதான் சண்டை என்றால், ஊர்ச் சபைக்கு என்ன கதி?

மூன்றாம் அளவுகோல், எழுத்து. ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரச் சபையொன்றில் 164 பேர் பிரிய வேண்டும் என்றும், 94 பேர் கூடாது என்றும் வாக்களித்தனர். அவ்வழக்கில் 1979-ல் அதே நீதிமன்றம், வேதத்தைத் தொடாமல் கிரயப் பத்திரம், சபை விதிகள், மாநிலச் சட்டம் ஆகியவற்றை மட்டும் படித்தே தீர்க்கலாம் என்றது. சொத்து மேற்சபைக்கே என்று விரும்புவோர் சண்டை வருமுன்பே அதை எழுதிவைக்கட்டும் என்றும் சொல்லிற்று.

நம் நாட்டிற்கு வருவோம். கேரளத்து மலங்கரைச் சபையில், அந்தியோக்கியா பாத்திரியார்க்கரைத் தலைவராகக் கொண்ட யாக்கோபாயருக்கும், கோட்டயத்துக் காதோலிக்கரைத் தலைவராகக் கொண்ட ஆர்த்தடாக்ஸ் பிரிவினருக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கு. 1958, 1995, 2017 என மூன்று முறை நம் உச்ச நீதிமன்றம் பெருந்தீர்ப்புகள் அளித்தது. ஊர் ஆலயங்கள் 1934-ஆம் ஆண்டுச் சபைச் சட்டப்படியே நிருவகிக்கப்பட வேண்டும். விலக விரும்புவோர் விலகலாம், சொத்தை எடுத்துச் செல்ல முடியாது என்பது 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம்.

சட்டம் தெளிவாகிவிட்டது, துன்பம் தீரவில்லை. தாத்தாவும் பாட்டியும் உறங்கும் தோட்டத்தில் தந்தையை அடக்கம் செய்ய முடியாமல் குடும்பங்கள் வாசலில் நின்றன. 2020-ல் கேரள அரசு, எந்தப் பிரிவினராயினும் தம் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யலாம் என்று சட்டம் இயற்ற நேர்ந்தது. சாவைக்கூடச் சாவி தடுத்தது என்றால், சொத்து வழக்கு வெறும் செங்கல் வழக்கு அன்று என்பது விளங்கும்.

மூன்று அளவுகோல்களையும் ஒப்பிட்டால் எனக்குத் தோன்றுவது இது. மூலக் கொள்கையைப் பார்த்தால் வளர்ச்சிக்கு இடமில்லை. மேற்சபையைப் பார்த்தால் ஊராருக்குக் குரலில்லை. எழுத்தைப் பார்ப்பதே குறைந்த தீங்கு. ஆனால் எழுதியவர் சரியாக எழுதியிருக்க வேண்டுமே! ஒற்றுமையாக இருக்கும் நாளில் பிரிவைப் பற்றி எழுத யாருக்கும் மனம் வராது. பிரிந்த நாளில் எழுதினாலோ எவரும் ஒப்பமாட்டார்.

இது மதத்திற்கு மட்டும் உரிய பாடம் அன்று. பத்துப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, ஓர் அலமாரியும் நூறு புத்தகமும் வாங்கினால், அங்கும் இக்கேள்வி மறைந்திருக்கிறது. நண்பர்களே, விதிகளை எழுதும்போது, சேர்வதற்கு ஒரு விதி எழுதுவதோடு நில்லாமல், பிரிவதற்கும் ஒரு விதி எழுதுங்கள். அதனால் அன்பு குறையாது. பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு வழக்குக் குறையும்.