விட்டாஃபோன் ஒலித்தட்டு
வார்னர் பிரதர்ஸ் நிறுவனம், அமெரிக்கா. 1920களின் பிற்பகுதி

ஹாலிவுட் படங்களைப் பேச வைத்த அரக்குத் தட்டு. விட்டம் 16 அங்குலம். சுழற்சி நிமிடத்துக்கு 33⅓. ஒரு படச்சுருளுக்கு ஒரு தட்டு, ஏறத்தாழ 11 நிமிட ஒலி. வழக்கமான இசைத்தட்டுக்கு மாறாக, இதில் ஊசி உள்வட்டத்தில் தொடங்கி விளிம்பை நோக்கி நகரும். புரொஜெக்டரும் தட்டும் ஒரே மோட்டாரில் சுழன்றதால் படமும் ஒலியும் இணைந்து ஓடின. ஊசி ஒருமுறை துள்ளினாலும் உதட்டசைவும் குரலும் பிரிந்துவிடும். ஆபரேட்டரின் கவனமே காட்சியைக் காப்பாற்றியது. சில முறை ஓட்டியதும் தட்டு தேய்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் லேபிளில் குறியிட்டார்கள்.

1926இல் வெளியான ‘டான் ஜுவான்’ படத்தில் இசையும் ஓசைகளும் மட்டுமே இருந்தன. 1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் திரையிடப்பட்ட ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தில் ஆல் ஜோல்சன் பாடினார், பேசினார். அதன் பெரும்பகுதி மௌனப்படமே. ஆயினும் அந்தச் சில நிமிடப் பேச்சு திரையுலகையே திருப்பிப் போட்டது. ஒலிப்படத்துக்காக முன்னின்று உழைத்த சாம் வார்னர் அதைக் காணவில்லை. முந்தைய நாளே இறந்துவிட்டார்.

ஃபிலிமிலேயே ஒலியைப் பதியும் முறை பரவியதும், 1930களின் தொடக்கத்தில் இத்தட்டுகள் வழக்கொழிந்தன.