மத்தியானத்தில் படுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்

“காலையில நல்லாத்தான் ஓடுது தம்பி. மத்தியானம் மூணு மணியாச்சுன்னா கிழட்டு மாடு மாதிரி படுத்துக்கிடுது” என்றார் அச்சக அண்ணாச்சி. வைகாசி முகூர்த்தங்களுக்கான பத்திரிகை வேலை குவிந்துகிடந்தது. வெளியே அக்னி நட்சத்திரம். திருநெல்வேலியில் அவருடைய சின்ன அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளை வடிவமைப்பது இன்னும் ஒரு பென்டியம் 4 கம்ப்யூட்டர்தான். விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். பழைய மாதிரிகள் அத்தனையும் அந்த எழுத்துருக்களில் கிடப்பதால் அவர் அதை மாற்றுவதாக இல்லை. வைரஸ் என்று ஒருவர் சொல்ல, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியாயிற்று. ராம் போதவில்லை என்றார் இன்னொருவர். காலையில் போதுகிற ராம் மத்தியானம் மட்டும் ஏன் போதாமல் போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வரும் பயாஸுக்குள் போய் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தைத் திறந்தேன். பிராசசர் 73 டிகிரி. சுவரில் தொங்கிய வெப்பமானியில் 37. அண்ணாச்சி முதல் எண்ணைப் பார்த்துப் பதறினார். எனக்கு இரண்டும் வேண்டும். ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை, அறையின் காற்றை எடுத்து வீசுகிறது, அவ்வளவுதான். அறை 37 என்றால் பிராசசர் அதற்குக் கீழே ஒருபோதும் இறங்காது. ஆகவே பார்க்க வேண்டியது வித்தியாசத்தை. சும்மா நிற்கும்போதே 36 டிகிரி வித்தியாசம் என்பது அந்த மெஷினுக்கு மிக அதிகம்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? பிராசசரின் சிலிக்கானுக்குள்ளேயே ஒரு டயோடு இருக்கிறது. அதில் மாறாத சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினால், வெப்பம் ஒரு டிகிரி ஏறும்போது அதன் வோல்டேஜ் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். மதர்போர்டிலுள்ள ஒரு சிப் அதை அளந்து டிகிரியாக மாற்றிச் சொல்கிறது. சில டிகிரி முன்பின் இருக்கலாம். விண்டோஸுக்குள் இருந்தபடியே பார்க்க ஸ்பீட்ஃபேன் என்ற பழைய இலவச மென்பொருள் போதும். அதில் ஏதோ ஒன்று 127 டிகிரி என்று தீப்பிழம்புப் படத்தோடு காட்டினால் தண்ணீர் வாளியைத் தேட வேண்டாம். பெரும்பாலும் அந்த இடத்தில் சென்சாரே பொருத்தியிருக்க மாட்டார்கள். குறியோடு கூடிய எட்டு பிட்டில் எழுத முடிகிற மிகப் பெரிய எண் 127, அதுதான் வந்து நிற்கிறது.

அண்ணாச்சியின் பிராசசர், 2004இல் வந்த பிரெஸ்காட் வகை. 3 கிகாஹெர்ட்ஸ், 89 வாட். அந்த 89 வாட்டும் புறப்படுவது 112 சதுர மில்லிமீட்டர் சிலிக்கானிலிருந்து, அதாவது ஒரு விரல்நக அளவு இடத்திலிருந்து. பரப்பளவைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் செறிவான வெப்பம். 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளத்தார் ஒரு சோதனையைப் படம் பிடித்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஏ.எம்.டி. ஆத்லான் பிராசசரின் மேலிருந்து, சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகட்டுத் தொகுதியான ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். சில நொடிகளில் புகை வந்தது, பிராசசர் போயே போனது. அதையே பென்டியம் 4க்குச் செய்தபோது அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. சூடு எல்லை தாண்டினால் தன் கடிகாரத் துடிப்பை விட்டுவிட்டு நிறுத்தும் ஏற்பாடு அதற்குள் இருந்தது. பாதி நேரம் வேலை, பாதி நேரம் மூச்சு வாங்கல். வேடிக்கை என்னவென்றால், அப்போதும் திரையில் 3 கிகாஹெர்ட்ஸ் என்றுதான் காட்டும். உயிரைக் காப்பாற்றிய ஏற்பாடுதான் நோயையும் மறைத்தது.

கேபினெட்டைத் திறந்தோம். ஃபேனைக் கழற்றியதும் ஹீட்சிங்கின் தகடுகள் தெரியவில்லை. காகிதத் தூசும் நூலும் சேர்ந்து, கம்பளித் துண்டு போல ஒரு சாம்பல் நிறப் படலம். ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், முழுசாக உரிந்து வந்தது. ஃபேன் மேலே சுழல்கிறது, காற்று கீழே இறங்கவே இல்லை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை வைப்பதும் இங்கே வழக்கம். அன்றைக்குச் சூடு குறையும், ஆனால் தூசு இன்னும் வேகமாகச் சேரும். உதவிப் பையன் ஏர் கம்ப்ரசர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றேன். அதில் ஈரம் வரும். காற்றின் வேகத்தில் ஃபேன் கன்னாபின்னாவென்று சுழன்று பேரிங் போகும். பெயின்ட் பிரஷ் போதும்.

ஹீட்சிங்கைக் கழற்றும்போதுதான் கவனம் தேவை. பழைய வெப்பப் பேஸ்ட் காய்ந்து பசைபோல் ஒட்டியிருக்கும். நேராகத் தூக்கினால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். அடியில் இருக்கும் 478 ஊசிக்கால்களில் சில வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இளஞ்சூட்டில் இடவலமாக மெல்லத் திருகினால் ‘சளக்’கென்று விடுபடும். இரண்டு பரப்பும் கண்ணுக்குச் சமதளமாகத்தான் தெரியும். உண்மையில் நுண்ணிய மேடுபள்ளங்கள், இடையில் காற்று. காற்று வெப்பத்தைக் கடத்துவது தாமிரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மோசம். அந்தக் காற்றை வெளியேற்றி நிரப்பத்தான் பேஸ்ட். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பழையதைத் துடைத்துவிட்டு நடுவில் பட்டாணிக்குச் சற்றுக் குறைவாக வைத்தேன். இட்லிக்குச் சட்னி போலக் கொட்டுகிறவர்கள் உண்டு. பேஸ்ட் காற்றைவிட மேல்தான், உலோகத்தைவிட வெகு கீழ்.

ஃபேனின் ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டேன். மதர்போர்டில் கெபாசிட்டர் எதுவும் தலை வீங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இவற்றின் ஆயுள் பத்து டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. அண்ணாச்சிக்கு அதிர்ஷ்டம்தான்.

மாலை ஐந்து மணிக்கு மறுபடி பயாஸ். 54. அறையில் அதே 37. கேபினெட்டின் மேல் தேதியோடு இரண்டு எண்களையும் மார்க்கரால் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது. “தம்பி, அறுபது காட்டுதே!”

“ரூம்ல எவ்வளவு அண்ணாச்சி?”

“அதைப் பார்க்கலையே” என்றார்.