கணையத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம்

ஸ்பிரெட்ஷீட் என்றாலே கம்பெனிக் கணக்கு எழுதும் புரோகிராம் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒதுங்கி விடுகிறார்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் முதலில் கற்றுக் கொள்ள வேண்டியது அதுதான். காரணம் புரிய, கணையத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காக இருக்கிறது. நீளம் சுமார் 15 செ.மீ. அதற்கு இரண்டு வேலைகள். உணவைச் செரிக்க வைக்கும் என்சைம்களைச் சிறுகுடலுக்கு அனுப்புவது ஒன்று. ரத்தத்தில் சர்க்கரையைச் சீராக வைப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலையை, 1869ல் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்த செல் திட்டுகள் செய்கின்றன. சர்க்கரை ஏறினால் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கும். இறங்கினால் ஆல்பா செல்கள் குளுக்ககானைச் சுரந்து, கல்லீரலில் உள்ள இருப்பை வெளியே எடுக்கும்.

பீட்டா செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்தால் டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், சுரப்பும் போதாமல் போனால் டைப் 2. பித்தப்பைக் கல்லாலும் மதுவாலும் கணையமே வீங்கி அழற்சி வரலாம். மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுக்குப் பரவினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்னொரு வகை உண்டு. மதுப்பழக்கம் இல்லாத இளைஞர்களுக்கும் கணையக் குழாயில் சுண்ணாம்புக் கற்கள் சேர்ந்து, வயிற்று வலியும் பிறகு சர்க்கரை நோயும் வரும்.

சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக்கை சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948லேயே டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கினார். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் இருப்பதாக 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது.

என் அண்ணனும் அவர்களில் ஒருவர். வீடு ஆவடியில், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், வாரம் ஒரு ஷிப்ட். மூன்று மாத சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை நன்றாகவே இருந்தது. குளுக்கோமீட்டர் எண்களை நான் கம்ப்யூட்டரில் ஏற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. நைட் ஷிப்ட் வாரங்களில் மட்டும் விடியற்காலையில் 65, 62, 68. அந்த நிலையில்தான் சி.டி.எச். ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டி வந்திருக்கிறார்! பிரிண்ட் எடுத்துக் காட்டியதும், டாக்டர் ஷிப்டுக்குத் தக்கபடி மாத்திரையை மாற்றி எழுதினார். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தால் சராசரி அழகாகத்தான் இருக்கும். பள்ளத்தைக் காட்டாது.

நீங்களும் செய்யலாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் கால்க்கைத் திறந்து கொள்ளுங்கள்.

1. முதல் வரிசையில் தேதி, நேரம், சர்க்கரை அளவு, சாப்பாடு, மாத்திரை, ஷிப்ட் என்று தலைப்புகள் கொடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரிசை.

2. சர்க்கரை அளவுள்ள கட்டங்களைத் தேர்வு செய்து, பார்மட் மெனுவில் கன்டிஷனல், அதில் கன்டிஷன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். 'பிட்வீன்' தேர்வு செய்து 1, 69 என்று கொடுங்கள். ஸ்டைலில் 'பேட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், 70க்குக் கீழ் உள்ளவை நிறம் மாறித் தெரியும்.

3. அதே கட்டங்களைத் தேர்வு செய்து, இன்செர்ட் மெனுவில் சார்ட், அதில் லைன். ஏற்ற இறக்கம் கோடாக வந்துவிடும்.

பைலை சேவ் செய்து, பென் டிரைவிலும் ஒரு காப்பி வையுங்கள்.

நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி வந்து அளவு 70க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108ஐ அழையுங்கள். சார்ட்டைப் பார்த்து நீங்களே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டுடன் அந்த ஒரு பக்கப் பிரிண்டையும் எடுத்துப் போங்கள்.