முருங்கை மரத்தில் கம்பளிக் கூட்டம்

மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள் காலையில் முருங்கையின் அடிமரத்தைப் பாருங்கள். சில மரங்களில் பட்டையே தெரியாது. பழுப்பு நிறத்தில் ரோமப் போர்வை போர்த்தியது போல் இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று கவனித்தால் அந்தப் போர்வை நெளியும்! அத்தனையும் கம்பளிப்பூச்சிகள், யூப்டிரோட் மோலிஃபெரா என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள்.

இரவானால் இவை கிளைகளுக்கு ஏறி இலைகளைத் தின்னும். பட்டையையும் சுரண்டும். விடிந்ததும் அடிமரத்துக்கு இறங்கி, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கும்பலாகக் கிடக்கும். இந்தப் பழக்கம்தான் நமக்கு வசதி. மரம் முழுக்க ஏறித் தேட வேண்டாம். பகலில் எல்லாம் ஒரே இடத்தில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன.

தீப்பந்தம் காட்டிப் பொசுக்குவது ஊர்ப்பக்கத்து வழக்கம். அதில் மரப்பட்டையும் வெந்துபோகலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பைக் கரைத்து, கும்பல் நன்றாக நனையும்படி பெரியவர்கள் தெளித்தால் போதும். புழுவுக்கு நம்மைப் போல மூக்கு கிடையாது. உடம்பின் இரு பக்கமும் வரிசையாக உள்ள சின்னஞ்சிறு துளைகள் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. சோப்புக் கரைசல் அந்தத் துளைகளை அடைத்துவிடும். முருங்கைக்கீரை நம் தட்டுக்கு வருவது, ஆகவே கடுமையான பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். இலை போன மரம் மறுபடி துளிர்த்துவிடும், பயந்துபோய் வெட்டிவிடாதீர்கள்.

நீங்கள் மட்டும் புழுவைத் தொடாதீர்கள். ரோமம் தோலில் குத்தி ஒடிந்து நிற்கும்; அரிக்கும், தடிக்கும். பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். செல்லோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் ரோமம் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இவ்வளவு ரோமம் இருந்தும் சுடலைக்குயில் இதுபோன்ற கம்பளிப்புழுக்களை விடுவதில்லை. அலகால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக் குடலைப் பிதுக்கி எறிந்துவிட்டு விழுங்கும்!

ஒருநாள் மரத்தில் ஒரு புழுவும் இருக்காது. ஒழிந்தது என்று நினைக்காதீர்கள். வளர்ந்த புழுக்கள் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு ஆகியிருக்கும். மரத்தடி மண்ணைக் கொத்திக் கிளறிவிடச் சொல்லுங்கள். வெயிலும் கோழிகளும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.