கம்பனியிற் சட்டத்தரணி
தனிமரம் தோப்பாவது எப்படி?

யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தம் மக்கள் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ சட்டத்தரணியாகவோ வரவேண்டுமென்று விரும்புவது புதிய செய்தியன்று. இவற்றுட் சட்டம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது, கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றிலே நின்று வாதாடும் ஓர் உருவமே. முன்னாளில் 'அப்புக்காத்து' என்றும் 'பிரக்கிராசியார்' என்றும் ஊரார் மதிப்போடு அழைத்த இரு பிரிவினரும், 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தால் 'சட்டத்தரணி' என்னும் ஒரே பெயரின் கீழ் வந்தனர். பெயர் மாறிற்று, நம் மனத்திலுள்ள உருவம் மட்டும் மாறவில்லை.

ஆயினும் நீதிமன்றப் படியை அரிதாகவே மிதிக்கும் சட்டத்தரணிகளும் உளர். வங்கியிலும், காப்புறுதி நிறுவனத்திலும், ஏற்றுமதிக் கம்பனியிலும் மாதச் சம்பளம் பெற்றுச் சட்ட உத்தியோகத்தராகப் பணிபுரிவோர் இவர். ஒப்பந்தங்களை எழுதுவதும், காணி உறுதிகளை ஆராய்வதும், புதிய சட்டம் ஒன்று வந்தால் அதற்கேற்ப நிறுவனத்தை நடத்துவதும் இவர்களது வேலை. வழக்கு வந்தபின் வாதாடுவது ஒருவர் தொழில். வழக்கே வராமற் காப்பது இவர்கள் தொழில். அணை உடைந்தபின் வெள்ளம் இறைப்பவரைக் காட்டிலும், அணையிற் கீறல் கண்டவுடன் மண் அணைப்பவர் தாழ்ந்தவரல்லர் அன்றோ?

இத்தகையோர் தம் அறிவை எங்ஙனம் வளர்த்துக்கொள்வது, தம்மைப் போன்றாரோடு எங்ஙனம் தொடர்பு கொள்வது என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள். இது சிலருக்கு மட்டும் உரிய சிறு விடயமெனத் தோன்றலாம். அங்ஙனமன்று என்பதைக் காட்ட முயல்வோம்.

தனிமையின் தொல்லை

நீதிமன்றத்திற் பழகும் இளஞ்சட்டத்தரணிக்கு ஆசிரியர் பலர். மூத்தவரின் வாதத்தைக் கேட்கிறார். எதிர்த்தரப்பாரின் திறமையைக் கண்டு கற்கிறார். நீதிபதியின் கண்டிப்பாலும் திருந்துகிறார். மதிய வேளையில் நீதிமன்ற விறாந்தையில் நடக்கும் பேச்சே ஒரு பாடசாலையாகிறது.

கம்பனியிலுள்ளவருக்கு அந்த விறாந்தை இல்லை. கணக்காளரும் விற்பனையாளரும் பொறியியலாளரும் சூழ்ந்திருக்க, நடுவில் அவர் ஒருவரே சட்டம் அறிந்தவராய் இருப்பது பல இடங்களிற் காணும் காட்சி. அவர் எழுதியது பிழையென்று சொல்ல அங்கே ஆளில்லை. சரியென்று சொல்லவும் ஆளில்லை. சட்டமோ அவருக்காகக் காத்து நிற்பதில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் 1982ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கி வந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க வந்தது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், தனியார் துறையிலே கைமாறும் இலஞ்சத்தையும் குற்றமாக்கிற்று. இவை அனைத்தையும் ஒருவர் தனியேயிருந்து கற்றுத் தேர்வது எளிதன்று.

ஒரு வீட்டின் கதை

தனிமையாற் கேடு விளைவது சட்டத்தரணிக்கு மட்டுமன்று. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகவே சொல்லுவோம்.

வலிகாமத்திலே ஒரு பெண். தாய்தந்தையர் சீதனமாய் எழுதிக் கொடுத்த வீடும் வளவும் அவள் பெயரில் உள்ளன. போர்க்காலத்திற் காணாமற்போன கணவன் இருக்குமிடம் இன்றுவரை தெரியாது. சிறு தையற்கூடம் ஒன்று தொடங்க எண்ணி, வீட்டை ஈடு வைத்துக் கடன் பெற வங்கிக்குச் செல்கிறாள். குடாநாட்டுக் கிளை, பத்திரங்களைக் கொழும்பிலுள்ள சட்டப் பிரிவுக்கு அனுப்புகிறது. அங்கேயுள்ள சட்ட உத்தியோகத்தர் திறமைசாலியே. மணமான பெண் தன் சொத்தைக் கணவனின் சம்மதமின்றியே கையாளலாம் என்பது அவர் கற்ற பாடம். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தரும் பொதுவிதி அது.

ஆனால் இப்பெண்ணுக்கு உரியது தேசவழமை. ஒல்லாந்தர் காலத்திலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தொகுக்க, முதலிமார் பன்னிருவர் பார்த்து ஒப்ப, 1707இல் நடைமுறைக்கு வந்த நம் வழமைச் சட்டம் அது. அதனோடு இணைந்து நிற்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதன்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையாளக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சம்மதமின்றிப் பெற்ற ஈடு, நாளை நீதிமன்றிலே நில்லாது போகலாம். இதனை அறியாத உத்தியோகத்தர் கடனைக் கொடுத்தால் வங்கிக்கு இடர். அரைகுறையாக அறிந்தவரோ, "கணவனின் கையொப்பமின்றி ஒன்றும் செய்ய இயலாது" என்று பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

முழுதும் அறிந்தவர் மூன்றாவது வழியைக் காட்டுவார். கணவனின் இருப்பிடம் அறியப்படாதவிடத்து, மாவட்ட நீதிமன்றை நாடி, அவனது சம்மதமின்றியே சொத்தைக் கையாளும் கட்டளையைப் பெற அச்சட்டத்திலேயே இடமுண்டு. அவ்வாறு பெற்றபின் ஈடும் உறுதியாகும், பெண்ணும் பிழைப்பாள்.

அந்தக் கொழும்பு உத்தியோகத்தருக்கு யாழ்ப்பாணத்திலே ஒரு தொழில்நண்பர் இருந்திருந்தால், ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சிலே இது தெளிந்திருக்கும். தொழில்முறைத் தொடர்பு என்பது விருந்துகளிற் கைகுலுக்கி முகவரிச் சீட்டு மாற்றிக்கொள்வது மட்டுமன்று. ஓர் ஏழைப் பெண்ணின் வீடும் வாழ்வும் அதனைப் பற்றி நிற்கக்கூடும்.

கொடுப்பதும் கொள்வதும்

தொழிலுலகில் நம்மவர் பெறவேண்டியது பல, கொடுக்கத்தக்கதும் உண்டு. தேசவழமை, பங்குள்ள காணியை விற்கும்போது பங்காளருக்கும் உரித்தாளருக்கும் உள்ள முன்கொள்வனவு உரிமை, அதனை வரையறுத்த 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஆகியவற்றை நம் ஊர்ச் சட்டத்தரணிகள் நன்கறிவர். 2009இற் போர் ஓய்ந்தபின் குடாநாட்டுக்கு வந்த வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இவ்வறிவு இன்றியமையாதது. பங்கு வெளியீடு, பன்னாட்டு ஒப்பந்தம், நடுத்தீர்ப்பு ஆகியவற்றிற் கொழும்பிலுள்ளோர் பழக்கம் மிக்கவர். இருசாராரும் மாற்றிக்கொள்ளத் தக்க செல்வம் இரு கையிலும் இருக்கிறது.

'இல்லை' என்று சொல்லும் துணிவு

அறிவுக்கு மேலாக மற்றொன்றும் உண்டு. கம்பனிச் சட்டத்தரணிக்குக் கட்சிக்காரர் ஒருவரே. அவரே சம்பளம் தரும் எசமானரும் ஆவார். "இதனைச் செய்யலாகாது" என்று எசமானரிடம் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

உலகம் இதனை ஐயக்கண் கொண்டே நோக்குகிறது. ஐரோப்பிய நீதிமன்று 2010இல் 'அக்சோ நோபல்' வழக்கிலே, சம்பளம் பெறும் உள்ளகச் சட்டத்தரணி வெளிச் சட்டத்தரணியைப் போன்ற சுயாதீனம் உடையவரல்லர் என்று கருதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிகப்போட்டி விசாரணைகளில் அவரது ஆலோசனைக் கடிதங்களுக்கு இரகசியக் காப்பு மறுத்தது. இந்தியாவிலே முழுநேரச் சம்பளத்தில் அமர்ந்தவர் நீதிமன்றத் தொழில் நடத்த விதிகள் இடந்தரா; 2025 ஒக்ரோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றும், தொழில் நடத்தும் வழக்கறிஞருக்குரிய முழுச் சலுகை அவர்களுக்கு இல்லையெனத் தீர்த்தது.

அமெரிக்காவின் 'ஜெனரல் மோட்டர்ஸ்' கம்பனியின் கதை இன்னும் கசப்பானது. மோட்டார் வண்டிகளின் விசைத்திறப்பிலிருந்த ஒரு குறைபாடு பல ஆண்டுகளாகத் திருத்தப்படாது கிடந்தது. அதனால் எழுந்த இழப்பீட்டு வழக்குகள் கம்பனியின் சட்டப் பிரிவினூடாகவே சென்றன. ஆனால் அங்கிருந்தோர் தாம் அறிந்ததை ஒன்றுசேர்த்து உரிய காலத்தில் மேலிடத்துக்கு உரக்கச் சொல்லவில்லை. 2014இல் உண்மை வெளியாயிற்று. கம்பனி பதினைவரை வேலையினின்று நீக்கிற்று. அவருட் சட்டத்தரணிகளும் இருந்தனர். இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அடுத்த மேசையிலிருப்பவர் அறிந்ததைத் தாம் அறியாதிருந்த குற்றம் எத்தனை உயிர்களைக் கொண்டது, பாருங்கள்!

தன்னைப் போன்ற பலர் தனக்குப் பின்னால் நிற்கின்றனர் என்னும் உணர்வே ஒருவருக்குத் துணிவைத் தருகிறது. இலங்கையில் நிறுவனத்துள் இருந்தாலும் சட்டத்தரணி சட்டத்தரணியே; உயர் நீதிமன்று 1988இல் வகுத்த ஒழுக்க விதிகள் அவரையும் கட்டுப்படுத்தும். அக்கட்டுப்பாடே அவருக்குக் கவசமும் ஆகும்.

வாயில்கள் எவை?

அமெரிக்காவில் 1982இற் கம்பனிச் சட்டத்தரணிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அது வளர்ந்து இன்று பல நாடுகளில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்டுள்ளது. 1966இல் தோன்றிய 'லோஏசியா' என்னும் ஆசிய பசுபிக் சட்டத்தரணிகள் அமைப்பு 2016இற் கொழும்பிலேயே மாநாடு கூட்டிற்று. 1974 முதல் இயங்கும் இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் மாநாடுகளையும் விரிவுரைகளையும் நடத்திவருகிறது. சட்டக் கல்லூரியின் தமிழ் மாணவர் மன்றம் 'நீதி முரசு' என்னும் மலரை வெளியிட்டு வருகிறது. அதில் இன்று எழுதுபவர்களே நாளை ஒருவருக்கொருவர் துணையாவர்.

2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவை அது சுருக்கிற்றெனின், இணையவழிக் கூட்டங்கள் அதனை இல்லாமலே ஆக்கிவிட்டன. வீட்டுத் திண்ணையிலிருந்தே கொழும்பிலும் சிங்கப்பூரிலும் நடக்கும் விரிவுரைகளைக் கேட்கலாம். எனினும் முகம் பார்த்துப் பழகிய நட்புக்கு ஈடாகாது.

ஆதலால் நாம் விழைவது எளியதொன்று. குடாநாட்டிலே வங்கி, கூட்டுறவுச் சங்கம், கம்பனி ஆகியவற்றிற் பணிபுரியும் சட்டத்தரணிகள் மாதத்துக்கு ஒருமுறை ஓரிடத்திற் கூடுதல் வேண்டும். ஒரு மாதம் ஒருவர் புதிய சட்டமொன்றை விளக்கலாம். மறுமாதம் மற்றொருவர் தமக்கு நேர்ந்த சிக்கலைப் பெயர்களை மறைத்து முன்வைக்கலாம். அங்கே ஒரு நியதி கட்டாயம்: கட்சிக்காரரின் இரகசியம் வாயிலைத் தாண்டலாகாது. சட்டத்தைப் பற்றிப் பேசலாம். கம்பனியின் கணக்கைப் பற்றிப் பேசலாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறை மாணவர்க்கும் பின்வரிசையில் இடமளித்தால், விறாந்தை இல்லாதவர்க்கு ஒரு விறாந்தை உண்டாகும்.

மாணவர்க்கு ஒரு சொல்

சட்டம் கற்கும் தம்பி தங்கையரே! ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால், அம்மொழியைப் பிழையற எழுதப் பழகுங்கள். சக உத்தியோகத்தரோடு பழகச் சிங்களம் கைகொடுக்கும். கணக்கறிக்கையை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கம்பனியின் நாடி அதிலேதான் துடிக்கிறது. உங்கள் தேசவழமையைப் பழைய ஏடென்று ஒதுக்காதீர்கள். பிறரிடம் இல்லாத உங்கள் முதல் அதுவே. உடன் கற்பவரைப் போட்டியாளராக மட்டும் எண்ணாது, நாற்பது ஆண்டுத் தோழராக எண்ணுங்கள். உதவி கேட்க நாணாதீர்கள், கேட்டவர்க்கு மறுக்காதீர்கள்.

பெற்றோரே! உங்கள் மகளோ மகனோ நீதிமன்றுக்குச் செல்லாமற் கம்பனி அலுவலகத்துக்குச் செல்கின்றாரெனக் குறைப்பட வேண்டா. எங்கே அமர்ந்தாலும் நீதியின் பக்கம் நிற்பவரே சட்டத்தரணி.

தனிமரம் தோப்பாகாது என்பர் நம் முன்னோர். பனையை நட்டவர் ஒன்றோடு நிறுத்தவில்லை. வேலியோரம் வரிசையாக நட்டனர். புயல் வரும்போது அவ்வரிசையே ஊரைக் காக்கிறது. நம் இளஞ்சட்டத்தரணிகளும் அவ்வாறு வரிசையாய் நிற்பாராக.